கடினமான விளையாட்டும் நியாயமான தோல்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கைப்பேசியிலும் கணினியிலும் ஆடப்படும் விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். பணம் கட்டி ஆடும் செயலிகளால் குடும்பங்கள் கடனில் மூழ்குவதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வீடியோ கேம் என்றாலே விரல் வேகம்தான், அதில் சிந்திக்க எதுவும் இல்லை, தோற்றவர் திரும்பத் திரும்ப ஆடுவது வெறும் அடிமைப் பழக்கம் என்று அக்கட்டுரை முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ரோக்லைக் எனப்படும் வகையையும், ஒரு பாத்திரத்தை ஏற்று அதை வளர்த்தபடி ஆடும் ஆர்.பி.ஜி. வகையில் கடினமானவை என்று பெயர் பெற்ற சில விளையாட்டுகளையும் பல ஆண்டுகளாக ஆடி வருபவன் நான். ஆட்டக்காரர் ஏன் தோற்றார் என்பதை அவரே கண்டறியும்படி விளையாட்டு அமைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அதன் தரத்தைச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அதை விளக்கவே இக்கடிதம்.

அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோக்லைக் விளையாட்டில், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் நிலவறையின் அறைகளும், அங்கே கிடக்கும் பொருள்களும், திரியும் அரக்கர்களும் புதிதாக அமைக்கப்படுகின்றன. பாத்திரம் இறந்துவிட்டால் சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பும் வழி கிடையாது, முதல் தளத்திலிருந்துதான் மீண்டும் தொடங்க வேண்டும். 1980ஆம் ஆண்டு வாக்கில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் இருவரும் எழுதிய 'ரோக்' என்ற நிரலிலிருந்து இவ்வகை பிறந்தது. ஒருமுறை முடித்தால் மறுமுறை ஆட ஒன்றுமில்லாத அக்காலக் கதை விளையாட்டுகளில் சலிப்புற்று, ஆக்கியவரையே வியப்பில் ஆழ்த்தக்கூடிய ஒன்றை அவர்கள் விரும்பினார்கள். பின்னர் பெர்க்லியில் கென் ஆர்னால்டும் சேர்ந்துகொண்டார். படங்கள் எதுவும் இல்லை. ஆட்டக்காரர் '@' என்னும் குறி. அரக்கர்கள் 26 ஆங்கிலப் பேரெழுத்துகள். 26ஆம் தளத்தில் கிடக்கும் யெண்டோரின் தாயத்தை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலேறி வர வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தத் தாயத்தை வெவ்வேறு விளையாட்டுகளில் மக்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மரபில் வந்தவற்றுள் என்னை அதிகம் வியக்க வைத்ததும் அதிகம் எரிச்சலூட்டியதும் 1987இல் முதலில் வெளியான 'நெட்ஹேக்' தான். தன்னார்வலர்கள் இன்றுவரை பராமரித்து வரும் இலவச விளையாட்டு அது. அதில் காக்கட்ரைஸ் என்றொரு பிராணி உண்டு. அதை வெறுங்கையால் தொட்டவர் அக்கணமே கல்லாகிவிடுவார். கையுறை அணிந்திருந்தால் அதன் பிணத்தையே ஆயுதமாக ஏந்தி எதிரிகளைக் கல்லாக்கலாம். ஆனால், அப்படி ஏந்திக்கொண்டு நடக்கும்போது மறைந்திருக்கும் குழியில் விழுந்தால், பிணம் உடம்பில் பட்டு நாமே கல்லாகிவிடுவோம். இதை எழுதியவர்கள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒன்றே போதும். இன்னதென்று தெரியாத ஒரு மந்திரச் சுருள் கையில் கிடைத்தால், அதைக் கடைக்காரரிடம் கொண்டுபோய் அவர் சொல்லும் விலையை வைத்தே அது எதுவாக இருக்கும் என்று ஊகிக்கலாம். கூடவே வரும் நாய்க்குட்டி ஒரு பொருளின் மீது கால் வைக்கத் தயங்கினால் அப்பொருள் சபிக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். விதிகளை யாரும் சொல்லித் தராமல், நடப்பதைக் கூர்ந்து நோக்கியே அறிய வைக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதே நெட்ஹேக்கில் மிதக்கும் கண் என்றொன்றும் உண்டு. அது யாரையும் தாக்காது. நீல நிறச் சிற்றெழுத்தாக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். புதியவர் அதைச் சாதாரணமாக வாளால் வெட்டப் போவார். அதன் பார்வையில் உறைந்து அசைய முடியாமல் நெடுநேரம் நிற்க, வழியில் வரும் ஏதேனும் ஓர் எலி அவரைக் கடித்தே கொன்றுவிடும். இந்த ஆபத்தை முன்கூட்டி அறிய விளையாட்டுக்குள் உள்ள தடயங்கள் மிகக் குறைவு. தின்பண்டத்துக்குள் சுருட்டி வைத்த சீட்டுகளில் சில குறிப்புகள் வரும். ஆனால் அவற்றுள் பொய்க் குறிப்புகளும் கலந்திருக்கும். ஆகவே, ஒன்று செத்துக் கற்க வேண்டும், அல்லது பிறர் எழுதி வைத்த குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். இத்தகைய மரணத்தைக் கடினம் என்று புகழ நான் தயாராக இல்லை; அங்கே ஆட்டக்காரரின் தீர்மானத்துக்கு இடமே தரப்படவில்லை. (பழைய ஆட்டக்காரர்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள். அவர்களுக்கு மிதக்கும் கண்ணிடம் ஒரு பாசம் உண்டு.)

இந்தக் குறையை உணர்ந்தே வளர்க்கப்பட்டது 'டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப்'. லின்லி ஹென்சல் 1990களில் எழுதிய விளையாட்டை எடுத்து, 2006 முதல் ஒரு தன்னார்வக் குழு இப்பெயரில் வளர்த்து வருகிறது. ஒரு அரக்கனைப் பார்த்தவுடன் அதைப் பற்றிக் கேட்டால், அது நம்மை அடிக்கும் வாய்ப்பு எவ்வளவு, நாம் அதை அடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று விளையாட்டே சொல்லிவிடும். ஒரே பொத்தானை அழுத்தினால் பாத்திரம் தானாகவே அறைகளைச் சுற்றிப் பார்த்து, ஆபத்து கண்ணில் பட்டதும் நின்றுவிடும். எல்லோரும் ஒரே விதமாகச் செய்யக்கூடிய, யோசிக்கத் தேவையில்லாத வேலை எதுவாக இருந்தாலும் அதை வெட்டிவிட வேண்டும் என்பதே அக்குழுவின் கொள்கை. 2021இல் வந்த பதிப்பில் பசியையும் உணவையும்கூட அடியோடு நீக்கிவிட்டார்கள். அதற்கு எதிர்ப்பு எழுந்தது. எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. ஏனெனில் அந்த விளையாட்டில் பசியால் ஓரளவு பழகியவர்கள் இறப்பது அரிது. அவ்வப்போது பொத்தானை அழுத்த வைத்ததைத் தவிரப் பசி வேறு எதையும் செய்யவில்லை. இங்கே நான் சாகும்போது, மூன்று நகர்வுகளுக்கு முன்பே படிக்கட்டை நோக்கிப் பின்வாங்கியிருக்கலாம் என்பது பெரும்பாலும் எனக்கே தெளிவாகத் தெரியும். இப்படி ஒழுங்குபடுத்தப் போய் நெட்ஹேக்கின் கிறுக்குத்தனமான வளம் இதில் இல்லாமல் போனதும் உண்மைதான்.

கணினி இல்லாத வாசகர்களுக்கு நான் பரிந்துரைப்பது 'ஷேட்டர்டு பிக்சல் டஞ்சன்'. 2012இல் ஆண்ட்ராய்டில் வந்த 'பிக்சல் டஞ்சன்' விளையாட்டின் மூல நிரல் 2014இல் பொதுவில் வைக்கப்பட்டது. அதை எடுத்து எவான் டெபென்ஹாம் என்பவர் இன்றுவரை செப்பனிட்டு வருகிறார். ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரம் கிடையாது, இணைய இணைப்பும் தேவையில்லை. சாக்கடை, சிறை, குகை என்று ஐந்து பகுதிகளாக இறங்கிச் செல்ல வேண்டும். முதல் பகுதியின் முடிவில் வரும் கூ என்ற கருங்குழம்பு பிராணியிடமே பெரும்பாலான புதியவர்கள் மடிவார்கள். ஆயுதத்தையும் கவசத்தையும் மேம்படுத்தும் சுருள்கள் ஒவ்வொரு பகுதியிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் கிடைக்கும் என்பதால், அவற்றை ஒரே பொருளில் கொட்டுவதா, பிரித்துக் கொடுப்பதா என்பதுதான் ஆட்டத்தின் மையக் கேள்வி; இரண்டுக்கும் நியாயம் உண்டு. அடையாளம் தெரியாத பானத்தைக் குடித்துப் பார்க்க வேண்டுமென்றால், புல்வெளியில் நிற்கக் கூடாது. அது தீப்பானமாக இருந்தால் புல் முழுவதும் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நின்று குடித்தால் பிழைக்கலாம். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தீ எரிவதையும் தண்ணீரில் அது அணைவதையும் ஒருமுறை பார்த்தவருக்குத் தானே தோன்றும்.

ஆர்.பி.ஜி. விளையாட்டுகளில் கடினம் வேறு விதமாக வேலை செய்கிறது. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' உலகம் ஒவ்வொரு முறையும் மாறுவதில்லை. எதிரிகளைக் கொன்று சேர்த்து, வலிமையைக் கூட்டிக்கொள்ளச் செலவிடுபவை ஆன்மாக்கள். இறந்தால் அதுவரை சேர்த்த ஆன்மாக்கள் இறந்த இடத்திலேயே கிடக்கும். அங்கே மறுபடி போய்ச் சேர்ந்தால் திரும்பப் பெறலாம், வழியில் மீண்டும் இறந்தால் எல்லாம் போயிற்று. தீயருகே அமர்ந்து இளைப்பாறலாம், ஆனால் அமர்ந்ததும் கொன்ற எதிரிகள் பெரும்பாலும் உயிர்த்தெழுந்து பழைய இடங்களில் நிற்பார்கள். ஆகவே இங்கே இடத்தை மனப்பாடம் செய்கிறோம். ரோக்லைக் விளையாட்டில் மனப்பாடம் உதவாது, கொள்கைகள் மட்டுமே மிஞ்சும். இணையத்தில் இணைந்து ஆடினால், பிறர் இறந்த இடங்களில் இரத்தக் கறைகள் தெரியும். தொட்டால் அவர்களின் கடைசி நொடிகள் நிழலாக ஓடிக் காட்டும். எச்சரிக்கை செய்வதற்கு இதைவிட நாகரிகமான வழியை நான் வேறு எந்த விளையாட்டிலும் காணவில்லை. அதே நிறுவனத்தின் 'எல்டன் ரிங்' 2022இல் வந்தபோது, ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் மார்கிட் என்ற எதிரி வழிமறித்துப் புதியவர்களைத் திணறடித்தான். அவனை அப்படியே விட்டுவிட்டுத் தெற்கே போய், வேறு இடங்களில் திரிந்து வலிமை பெற்றுத் திரும்பலாம் என்பதை விளையாட்டு வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் வழியைத் திறந்தே வைத்திருந்தது.

ரோக்லைக் முறையைத் தழுவி 2020இல் முழுமையாக வெளியான 'ஹேடீஸ்' விளையாட்டைப் பற்றி எனக்கு இரு மனம். ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் நாயகன் தந்தையின் மாளிகைக்குத் திரும்புவதும், அங்கே கதை ஒரு படி நகர்வதும் அருமையான ஏற்பாடு. கைத்திறன் குறைந்தவர்களுக்காக, ஒவ்வொரு முறை இறந்த பின்னும் பாதுகாப்பு 2 சதவீதம் கூடும் ஒரு வசதியும் உண்டு. விரும்பியவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் அந்த வசதியைத் தொடாதவருக்கும் பாத்திரத்தின் நிரந்தர வலிமை ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் வெல்லும்போது, வென்றது என் அறிவா, சேர்ந்துபோன வலிமையா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

சிந்தனைக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 2021இல் நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டையொட்டி, நெட்ஹேக்கை ஆடும் நிரல்களுக்கான போட்டி நடந்தது. மனிதர்கள் விதி விதியாக எழுதிக் கொடுத்த நிரல்களே, தாமாகக் கற்கும் நரம்பியல் வலைகளை வென்றன. எந்த நிரலாலும் விளையாட்டை முடிக்க முடியவில்லை. சதுரங்கத்திலும் 'கோ' என்னும் பலகை ஆட்டத்திலும் உலக வாகையர்களை இயந்திரங்கள் வீழ்த்திய பிறகு நடந்தது இது.

தங்கள் கட்டுரை உண்மையில் கண்டிக்க வேண்டியது எதை என்பதும் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. வேண்டுமென்றே தோற்கவைத்து, தோற்ற இடத்திலேயே உயிரை விலைக்கு விற்கும் செயலிகள் நிறைய உண்டு. அங்கே தோல்விக்கான காரணம் ஆட்டக்காரருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அவர் பணம் கொடுக்க மாட்டார். நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமே பணம் வைத்து ஆடுவதையும் மற்ற விளையாட்டுகளையும் தனித்தனியே வகுத்திருக்கும்போது, பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் திட்டுவது பொருத்தமாக இல்லை. இன்னும் ஒருமுறை ஆடிப் பார்ப்போம் என்ற இழுப்பு நான் சொன்ன விளையாட்டுகளிலும் இருக்கிறது, தூக்கத்தைத் தின்கிறது என்பதை மறைக்க மாட்டேன். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு அவசியம். நெட்ஹேக், டஞ்சன் கிரால், ஷேட்டர்டு பிக்சல் டஞ்சன் ஆகிய மூன்று ரோக்லைக் விளையாட்டுகளிலும் நாம் நகர்ந்தால்தான் எதிரியும் நகர்வான் என்பதால், கைப்பேசியை எந்த நொடியிலும் கீழே வைத்துவிட முடியும் என்பது பெற்றோர்களுக்கு ஒரு ஆறுதல்.

தங்கள் நாளிதழ் திரைப்படங்களுக்கு வாரந்தோறும் விமர்சனம் வெளியிடுகிறது. ஆடி முடித்த ஒருவரைக் கொண்டு, மாதம் ஒரு விளையாட்டுக்காவது அதுபோன்ற விமர்சனம் எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். விலை, வயது வரம்பு, உள்ளே பணம் கேட்கிறதா, தோற்றால் என்ன நேர்கிறது ஆகியவற்றை அதில் கட்டாயம் குறிப்பிடச் சொன்னால், எதை நீக்க வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று பிள்ளைகளின் கைப்பேசியைப் பார்த்துக் குழம்பும் பெற்றோர்களுக்கும் அது பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.