ஓடிப்போவதும் விசுவாசம்தான், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

"அக்கா, எனக்கு விசுவாசம் பத்தலையோ?" என்று கேட்டிருந்தாய். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படியெல்லாம் இல்லை. பத்தாமல் இருந்திருந்தால் அப்பா பேச்சை நிறுத்திய அன்றைக்கே நீ கோயிலுக்குப் போவதை விட்டிருப்பாய். உன் பெயரையும் ஊரையும் சொல்லாமல் பொதுவில் எழுதட்டுமா என்று கேட்டேன், நீயும் சரி என்றாய், ஏனென்றால் ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் வாங்கிவிட்டு அடுத்த வாரமே சொந்த வீட்டில் தனித்தட்டில் சாப்பிடும் பிள்ளை நீ ஒருத்தி மட்டும் இல்லை.

நீ சொன்னதில் என்னை அதிகம் கோபப்படுத்தியது உன் அண்ணன் கை நீட்டியது. அதற்கு அடுத்தது அந்த ஜெபக்கூட்டத்து அம்மா சொன்னது. "இன்னும் உபவாசம் இருந்து ஜெபித்திருந்தால் வீட்டார் மனசு மாறியிருக்கும், குறை உன்கிட்டதான்" என்றாராம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள் பார்.

புனிதர் தேவசகாயத்தின் கதையைப் பங்குக் கோயிலில் கேட்டிருப்பாய். பெரும்பாலும் கடைசிக் காட்சியைத்தான் சொல்வார்கள்: காற்றாடிமலை, துப்பாக்கிக் குண்டு, 1752 ஜனவரி 14. நான் உனக்குச் சொல்ல நினைப்பது அதற்கு முந்தினது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், அதுதான் அவருடைய முந்தைய பெயர், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தில் இருந்த வசதியான ஆள். மாடுகள் செத்து, பயிர் பாழாகி, ஒன்று மாற்றி ஒன்று நஷ்டம் வந்து ஆள் நொந்துபோயிருந்த நேரத்தில்தான் டிலனாயோடு மனம்விட்டுப் பேசினார் என்று சொல்வார்கள். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனி அதிகாரிதான் இந்த டிலனாய். அவர் தேவசகாயத்துக்குச் சொன்னது பைபிளில் வரும் யோபின் கதை. இதை நான் அடிக்கடி நினைப்பேன். "ஞானஸ்நானம் வாங்கு, இனி உன் மாடு சாகாது" என்று சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் அப்படி யார் சொன்னாலும் எடுபட்டிருக்கும். அதைச் சொல்லாமல், எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்து கடவுளிடம் வழக்காடிய ஒரு மனிதனின் கதையைச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் தேவசகாயம் 1745இல் வடக்கன்குளம் போய் ஞானஸ்நானம் வாங்கினார். இந்த விசுவாசத்துக்குள் வரும்போதே இது கஷ்டம் இல்லாத வீடு இல்லை என்று தெரிந்து வந்தவர் அவர்.

அந்த யோபின் புத்தகத்தை உன் பைபிளில் எடுத்து முழுசாகப் படி, 42 அதிகாரம், நடுவில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், விடாதே. யோபின் நண்பர்கள் முதலில் ஏழு நாள் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்ல ஆட்கள். வாயைத் திறந்ததும் ஆரம்பித்தார்கள்: உன்னிடம் ஏதோ பாவம் இருக்கிறது, இல்லாவிட்டால் இப்படி வருமா? யோபு அழுதான், பிறந்த நாளைச் சபித்தான், கடவுளை நேரே கேள்வி கேட்டான். கடைசியில் கடவுள் யார் மேல் கோபப்பட்டார் தெரியுமா? அந்த நண்பர்கள் மேல். என் தாசன் யோபு பேசினது போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்றார். அந்த அம்மா சொன்னதை இதோடு வைத்துப் பார். நீ ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்து "ஏன் ஆண்டவரே" என்று கேட்பதாகச் சொன்னாயே, அதுவும் ஜெபம்தான், கேட்டுக்கொண்டே இரு.

அடுத்தது, நீ தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயம். வீட்டை விட்டு ஹாஸ்டலுக்குப் போனால் சிலுவையை இறக்கி வைத்ததாக ஆகிவிடுமா என்ற பயம் உனக்கு.

ஞானப்பூ அம்மாளை உனக்குத் தெரியுமா? தேவசகாயத்தின் மனைவி, முந்தைய பெயர் பார்கவி. 1749இல் ராஜதுரோகம் என்று குற்றம் சாட்டித் தேவசகாயத்தைப் பிடித்து, எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் வேப்ப மரத்தில் கட்டிப்போட்டதை அந்த ஊர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடியும் காயத்தில் மிளகாய்ப்பொடியுமாக ஏறக்குறைய மூன்று வருஷம் அவர் பட்டதைக் கேட்கும்போது, அவர் மனைவியான அந்தப் பெண் எப்படி நாட்களைத் தள்ளியிருப்பார் என்று நாம் யாரும் கேட்பதில்லை. ஞானப்பூ அன்றைக்குத் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்துக்குப் போய்விட்டார். அங்கேயே விசுவாசத்தில் வாழ்ந்து அங்கேயே இறந்தார். அவர் ஓடிப்போனவர் என்று யாராவது சொல்வார்களா? புருஷன் விலங்கில் கிடந்தார், இவர் ஊர் மாறினார், இரண்டு பேரும் விடவில்லை.

ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னதே ஆண்டவர்தான், மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் பார். அப்போஸ்தலன் பவுலை தமஸ்குவில் கொல்லப் பார்த்தபோது சீஷர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். அதனால், தங்கச்சி, அண்ணனிடம் அடி வாங்குவதைச் சிலுவை என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்காதே. நம்மிடையே இந்தப் பேச்சு ரொம்ப உண்டு, அதனால் எத்தனையோ பெண்கள் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்து முடித்தார்கள். மறுபடி கை ஓங்கினால் அந்த நிமிஷமே வெளியே வா, எனக்குப் போன் போடு, தேவைப்பட்டால் 181க்கும் போடு. போலீசில் சொன்னால் குடும்ப மானம் போகும் என்று எவர் சொன்னாலும் சரி, மானத்தைக் கெடுத்தது கை நீட்டியவன்.

வெளியே போவது உறவை வெட்டிக்கொள்வதும் இல்லை. அம்மாவுக்கு வாரம் ஒருமுறையாவது பேசு, எடுக்காவிட்டாலும் கூப்பிடு. தம்பி பிறந்த நாளை மறக்காதே. யாரையும் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் பிரசங்கம் பண்ண வைக்காதே, அவர்கள் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசாதே. அவர்கள் உன்னை இழந்துவிட்டதாகப் பயப்படுகிறார்கள், அந்தப் பயம்தான் பாதி கோபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் பங்கில் ஒருவர் "நீங்க எந்த ஆளுக?" என்று கேட்டதாகச் சொன்னாய். வீட்டில் பட்டதைவிட இதுதான் அதிகம் வலித்தது என்றாய். எனக்கு அது புரிகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. தேவசகாயத்தின் மேல் பெரிய மனிதர்களுக்கு ஆத்திரம் வந்ததற்கு ஒரு காரணமே, ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவர் சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியதுதான். ஆனால் அவர் ஞானஸ்நானம் வாங்கிய அதே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் இரண்டு சாதியாருக்கு நடுவே சுவர் வைத்துத்தான் பூசை கண்டார்கள். 1910இல் சுவரை எடுத்தபோது, எடுத்தது தப்பு என்று சிலர் வழக்கு போட்டு, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். 2022 மே 15இல் ரோமாபுரியில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது சாதிப் பெயரைச் சேர்க்காமல்தான் அவரை அழைத்தார்கள். இந்தியாவில் பொதுநிலையினரில் புனிதரான முதல் ஆள் அவர், குடும்பஸ்தர் வேறு. அப்படியும் நம் வாயிலிருந்து அந்தக் கேள்வி போகவில்லை என்றால் அது நம் பாவம், உன் தலையில் அதை ஏற்றிக்கொள்ளாதே. யாராவது மறுபடி கேட்டால், கிறிஸ்தவள் என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார். பங்குச் சாமியிடம் நானும் பேசுகிறேன், இதைச் சும்மா விடப்போவதில்லை.

உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசி அதிகாரத்தைப் பார். எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள் என்று எழுதுகிறார். அதே கடிதத்தில், துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புத்தகங்களையும் எடுத்துக்கொள், மாரிக்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்கிறார். குளிருகிறது, தனியாக இருக்கிறேன், வா என்று கேட்க அவருக்கே கூச்சம் இல்லை.

அதனால் ஹாஸ்டல் ரூம் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று எனக்கு எழுது. எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் பங்குக் குழுவில், உன்னைக் கேள்வி கேட்காமல் உதவக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள், பெயரைக் கூட நான் அவர்களிடம் சொல்ல மாட்டேன். ஆதார், மார்க்ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாம் வீட்டில் இருந்தால் முதலில் அவற்றை எடுத்து உன் தோழியிடம் கொடுத்துவை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு கோட்டாறு சவேரியார் கோயிலுக்கு வா, தேவசகாயத்தின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பாடு. மீன்குழம்பு வேண்டுமா, கோழி வேண்டுமா என்று சனிக்கிழமைக்குள் சொல்லு, மக்களே.

அன்புடன்,
அக்கா