ஓட்டுக் கூரைக்கு ஒரு காணிக்கைப் பெட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஸ்தோத்திரம். நீ பங்குனியில் எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமா? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. மே மாதம் பாதி நாள் நான் வீட்டிலேயே இல்லை. நம் விடுதிக் கூரை மேல் இருந்தேன்.

2023 டிசம்பர் மழையை நீ அங்கிருந்து டிவியில்தான் பார்த்திருப்பாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதில் நம் பழைய கட்டடத்தின் வடக்கு அறை, எட்டாம் வகுப்பில் நாம் படுத்திருந்த அதே அறை, பாதிக் கூரை உட்கார்ந்துவிட்டது. கரையான் முன்பே தின்று வைத்திருந்த கைமரங்கள், மழை ஒரு சாக்கு. பையன்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் படுக்க வைத்தே இத்தனை நாள் ஓட்டினார்கள். இந்த லீவில்தான் வேலைக்கு ஆள் கூடியது.

பழைய மாணவர்கள் மட்டும் வரவில்லை. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், ஒரு டெய்லர், இரண்டு வாத்தியார்கள். நாலுமாவடிக்காரன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். அவன் இன்னும் மாறவில்லை, டீ வரும்வரை ஏணியைத் தொடமாட்டான். ஆனால் வயரிங் முழுவதும் அவன் கைவேலைதான், ஒரு பைசா வாங்கவில்லை. வார்டன் அண்ணாச்சிக்கு இப்போது நடக்க முடியாது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, இறக்கிய ஓடுகளில் நல்லதையும் கீறல் விழுந்ததையும் விரலால் தட்டிச் சத்தத்தை வைத்தே பிரித்துக் கொடுத்தார்.

அந்த ஓடுகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். திருப்பிப் பார்த்தால் பாசல் மிஷன் என்றும் 1865 என்றும் பதித்திருக்கிறது. 1865 என்பது ஓடு சுட்ட வருடம் இல்லை, மங்களூரில் அந்தச் சுவிட்சர்லாந்து மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். முதல் உலகப் போர் வந்தபோது அந்தத் தொழிற்சாலைகள் மிஷன் கையை விட்டுப் போய்விட்டன. அப்படியானால் நம் தலைக்கு மேல் இருந்தது நூறு வயது தாண்டிய ஓடு. நாம் அதன் மேல் கல்லெறிந்து மாங்காய் அடித்தோம்!

கூரையைவிடச் சுவர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர். இடையில் ஒரு வருடம் நல்ல எண்ணத்தோடு அதற்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அடியிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியே வெளியே வந்து காய்ந்துவிடும். சிமெண்ட் அதை விடவில்லை. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லைத் தின்றிருக்கிறது. உளி வைத்ததும் சிமெண்ட் தகடு தகடாகக் கழன்று வந்தது. பின்னால் இருந்த செங்கல்லை நகத்தால் சுரண்டினேன், மாவாக உதிர்ந்தது. வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்த சுவர் தெரியுமா!

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு வயதான கொத்தனார் வந்தார். சுண்ணாம்பை முன்கூட்டியே குழியில் நீற்றிப் புளிக்க வைத்திருந்தார். மணலைச் சலித்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுக் குழைத்தோம். உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பம் வந்து இறங்கியதும் எல்லாருக்கும் உன் ஞாபகம்தான் வந்தது, காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை. அக்காமார் பூசிய கிழக்குச் சுவர்தான் எங்களுடையதைவிட நேராக நிற்கிறது. காலை ஜெபத்தில் பைபிளில் நெகேமியா மூன்றாம் அதிகாரம் வாசித்தோம். தட்டான், தைலக்காரன் என்று ஆளாளுக்கு எருசலேம் மதிலைப் பழுதுபார்த்துக் கட்டுகிறார்கள். அதில் சல்லூம் என்பவனும் அவன் குமாரத்திகளும் உண்டு. சின்ன வயதில் அந்தப் பெயர்ப் பட்டியல் வந்தாலே நாம் தூங்கிவிடுவோமே, இந்தத் தடவை ஒரு பெயரைக்கூட நான் விடவில்லை.

சரி, இதற்காக மட்டும் நான் எழுதவில்லை.

வேலை முடிந்த மறுவாரம் ஒரு குடும்பத்தார் வந்தார்கள். நல்லவர்கள், பக்தியுள்ளவர்கள். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டித் தருகிறோம், அப்பா பெயரில் ஒரு கல் மட்டும் வைத்தால் போதும் என்கிறார்கள். கமிட்டியில் பாதிப்பேருக்கு ஆசை வந்துவிட்டது. எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

பெயர் வைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. டோனாவூருக்கே கோயில் கட்டப் பணம் அனுப்பிய டோனா பிரபுவின் பெயரைத்தானே மிஷனரி ரேனியஸ் வைத்தார். ஆனால் நம் விடுதியில் கல் பதித்த கட்டடம் மூன்று இருக்கிறது, மூன்றிலும் ஒழுகுகிறது. புதிதாகக் கட்டக் காசு வருகிறது, ஓடு மாற்ற வருவதில்லை. பைபிளில் யோவாஸ் ராஜா காலத்திலும் இதே கதைதான். ராஜாவின் 23ஆம் வருஷம் வரைக்கும் ஆசாரியர்கள் ஆலயத்தின் பழுதுகளைப் பார்க்கவே இல்லை. அப்புறம்தான் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைக்கிறான். பழுதுக்கென்று தனிப் பெட்டி! அதுதான் நமக்கும் வேண்டும். நம் அம்மாமார் சமைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்து வைத்தே எத்தனை காரியம் நடந்தது. பழைய மாணவர்கள் ஆளுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டால், வருடா வருடம் மழைக்கு முன்னால் ஓடு திருப்பி, கரையான் பார்த்து, சுவருக்கு வெள்ளையடித்துவிடலாம். அந்தக் குடும்பத்தாரையும் விட்டுவிட வேண்டாம். பின்னால் கழிவறைகள் கிடக்கும் நிலைமையைப் பார்த்தால் மனசு தாங்காது. அதைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்போம், கல்லும் வைப்போம்.

இதைக் கமிட்டியில் நான் சொன்னால், கூரை மேல் பத்து நாள் கிடந்தவன், அந்தப் பாசத்தில் பேசுகிறான் என்பார்கள். நீ கட்டட வேலையில் இருபது வருடம் இருப்பவன், உன் பேச்சுக்கு மதிப்பு உண்டு. சுவர்ப் படங்கள் எல்லாம் வாட்சப்பில் அனுப்புகிறேன். உற்றுப் பார். இடிக்க வேண்டிய கட்டடம்தான் என்று உனக்குப் பட்டால் அதையே எழுது, நான் வாயை மூடிக்கொள்கிறேன். இல்லையென்றால் இல்லை என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. அதற்கு முன்னால் என் கையில் கிடைக்க வேண்டும்.

வடக்கு அறையில் இப்போது பன்னிரண்டு பையன்கள் படுக்கிறார்கள். போன வாரம் ராத்திரி ஒரு சாரல் வந்தபோது அண்ணாச்சி ஆள் விட்டுப் பார்த்தாராம். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.

அன்புடன்,
உன் பக்கத்துக் கட்டில்காரன்