நான்காவது முயற்சியில் எடுத்த முடிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோல்வியே காணாத டெக்சாஸ், தென் கலிபோர்னியா பல்கலைக்கழக அணிகள் 2006 ஜனவரி 4 அன்று பசடேனாவில் மோதிய அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (நம்முடையதைப் போன்றதன்று, கையில் பந்தை ஏந்தி ஓடுவது) இறுதியாட்டத்தை, டெக்சாஸின் ஆட்டத்தை வழிநடத்திய வின்ஸ் யங் என்ற தனியொருவரின் வெற்றியாகவே பலரும் பேசுகின்றனர். ஐந்து புள்ளிகள் முன்னிலையிலிருந்த தென் கலிபோர்னியா, இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் எஞ்சியிருக்கையில், நான்காவது முயற்சியில் (பத்து கஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகளே; தவறினால் அதே இடத்தில் பந்து எதிரணிக்குப் போகும்) பந்தைத் தொலைவுக்கு உதைக்காமல், தேவைப்பட்ட இரண்டு கஜத்தை ஓடிக் கடக்க முயன்று தடுக்கப்பட்டதே திருப்புமுனை என்பது என் கருத்து. அதன்பின், 19 நொடிகள் இருக்கையில் யங் பந்துடன் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளிகள் எடுத்தார். டெக்சாஸ் 41-38 என வென்றது. ஆயினும் தென் கலிபோர்னியாவின் அன்றைய பயிற்சியாளர் பீட் கேரலைக் குறைகூற மாட்டேன். பந்தை உதைத்து யங்கின் கையில் கொடுக்க எவர்தான் துணிவார்? அழகப்பா பல்கலைக்கழகம் அமைந்த எங்கள் ஊரில் உடற்கல்வி பயிலும் மாணவர்களுக்காக, இத்தகைய முடிவுகளை அலசும் கட்டுரைகளை விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர்,
காரைக்குடி