அழுகின மீன் இல்லை, பிள்ளை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் வகுப்புப் பிள்ளைகள் சூர்ஸ்ட்ரோமிங், அதுதான் இந்த ஸ்வீடன்காரர் தகரடப்பாவில் (ரின்னில்) அடைத்து விற்கிற மீனை வாங்கி, குசினிக்குள் திறந்து, யார் முதலில் சத்தி எடுக்கிறார்கள் என்று வீடியோ பிடிக்கப் போகிறார்களாம். அதுகூடப் பரவாயில்லை. "அழுகின மீன்தானே அம்மா" என்றாயே, வட ஸ்வீடனில், ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்கில் வளர்ந்த பிள்ளை! அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அது புளித்த மீன். ஸ்வீடிஷில் 'சூர்' என்றால் புளிப்பு என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? ஸ்ட்ரோமிங் என்கிற பால்டிக் கடல் மீனும் நம்முடைய சூடை மீனும் சொந்தக்காரர்தான். முட்டையிட முன்னம், வசந்தத்தில் பிடித்து, தலையை எடுத்துவிட்டு, உப்புத்தண்ணீரில் பீப்பாயில் போடுகிறார்கள். உப்பு அழுகலைத் தடுக்கும் அளவுக்கு இருக்கும், புளிப்பை நிறுத்தும் அளவுக்கு இருக்காது. ரின்னில் அடைத்த பிறகும் புளித்துக்கொண்டே இருப்பதால்தான் மூடி வீங்குகிறது.

நாங்கள் இங்கே வந்த முதல் வருடம் நான் கருவாடு பொரித்தேன். மறுநாளே முறைப்பாடு வந்துவிட்டது. அதன்பிறகு பல மாதம் கருவாட்டைத் தொடவில்லை. ஆகஸ்ட்டில் பக்கத்து வீட்டு அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். முற்றத்தில் மேசை, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். ரின்னைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துத்தான் குத்தினார். குபுகுபுவென்று குமிழி வந்தது. கூழ்முட்டையும் காறின வெண்ணெயும் வினாகிரியும் சேர்ந்த மணம். உன் அப்பா இரண்டடி தள்ளிப் போய்விட்டார்.

அந்த அம்மா மீனைக் கழுவி, முள்ளை எடுத்து, வெண்ணெய் பூசிய தூன்பிரோட்டில், அதுதான் மெல்லிய ரொட்டியில், உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து மடித்து என் கையில் தந்தார். மூக்குக்குப் பட்டது வேறு, நாக்குக்குப் பட்டது வேறு. நல்ல உப்பு, சுள்ளென்ற புளிப்பு, பிறகு கிழங்கின் இனிப்பு. அடுத்த கிழமை நான் கருவாடு பொரித்து அவருக்கு ஒரு தட்டு கொண்டுபோனேன். கையால் பிய்த்துச் சாப்பிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டுக்குள் திறக்க விடாதே. 1981-இல் ஜேர்மனியில் ஒருவர் மாடிப்படியில் அந்த மீன் தண்ணீரை ஊற்றியதற்காக வீட்டுக்காரர் அவரை வாடகை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டார். வழக்கில் ரின்னை நீதிமன்றத்திலேயே திறந்து காட்டினார்கள். வீட்டுக்காரர் பக்கம்தான் தீர்ப்பு. நீ இருப்பதும் வாடகை அறை. வெளியே கொண்டுபோய், வாளித் தண்ணீருக்குள் திறவுங்கள். வெறும் மீனை வாயில் போட வேண்டாம், கிழங்கை மறக்க வேண்டாம்.

ஆகஸ்ட் மூன்றாம் வியாழனுக்கு முன் புது மீன் விற்கக்கூடாது என்ற சட்டம் 1998-இல் போய்விட்டது. இங்கே வழக்கம் போகவில்லை. கடலில் மீன் குறைந்து, இப்போது ரின் கிடைப்பதே பாடாக இருக்கிறது. உனக்கென்று ஒன்றை எடுத்து வைக்கிறேன். அந்த வியாழனுக்கு வா, சிநேகிதிகளையும் கூட்டி வா. அந்த அம்மா இப்போதும் உன்னைத்தான் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா