செம்புத் தகட்டில் ஒரு புலி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. இங்கிலாந்துக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கின் பாட்டுப் புத்தகம், அவர் 1794-இல் அச்சிட்டது எப்படியோ அப்படியே வண்ணத்தில் நகலெடுத்தது. "படம் மட்டும் பாருங்கப்பா, போதும்" என்று எழுதியிருந்தாய். படம் பார்க்க உட்கார்ந்தவன் நான்கு நாளாக எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

31 வருஷம் அச்சுக் கோத்த கை இது. எழுத்து எங்களுக்கு ஈயத்தில் வரும், படம் வேறு கடையிலிருந்து பிளாக்காக வரும். துத்தநாகத் தகட்டில் கோடு நிற்க வேண்டிய இடத்தை மட்டும் மறைத்துவிட்டு மற்றதை அமிலம் தின்ன விடுவார்கள். மேடாக நிற்பதுதான் மை வாங்கும். இந்த மனிதர் 1788 வாக்கிலேயே அதே வேலையைச் செம்புத் தகட்டில் செய்திருக்கிறார். அமிலம் தொடாத வார்னிஷைத் தொட்டு, பாட்டையும் படத்தையும் ஒரே தகட்டில், ஒரே கையால், இடவலம் மாற்றி எழுதியிருக்கிறார். எழுத்தைத் தலைகீழாகப் படிக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அவர் தூரிகையால் தலைமாற்றி எழுதியே 54 பக்கம் போட்டிருக்கிறார்! ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, ஏறக்குறைய 11 செ.மீ. உயரம், 7 செ.மீ. அகலம். செம்பு விலை கூடுதல் என்பதால் முதல் பாகத்துத் தகடுகளையே திருப்பிப் போட்டு, முதுகில் இரண்டாம் பாகத்தை எழுதி அமிலத்தில் அரித்திருக்கிறார். குழந்தைச் சிரிப்பு ஒரு பக்கம், அதே செம்பின் மறுபக்கம் துக்கம்.

இந்த வழியைக் கனவில் தனக்குச் சொன்னது 1787-இல் இறந்துபோன தம்பி ராபர்ட் என்று பிளேக் சொல்வாராம். நான் அதை நம்புகிறேன்.

புலிப் பாட்டை நீ ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறதா? பாடப்புத்தகத்தில் வெறும் வரிகள்தான் இருந்தன. இப்போது பார், வலது ஓரம் ஒரு மரம் நிற்கிறது. அதன் கிளைகள் பாட்டின் பத்திகளுக்கு நடுவே நீண்டு, எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று காட்டுகின்றன. அடியில் புலி. பாட்டில் அப்படி எரிகிற புலி, படத்தில் சாதுவாக நிற்கிறது. இவனைப் பார்த்தா 'உன்னைப் படைத்தது யார்' என்று இத்தனை கேள்வி கேட்டார் என்று நினைத்துக்கொண்டே மறுபடி வரிகளுக்குப் போனேன். பயம் இன்னும் கூடிவிட்டது. எழுத்தைத் தனியாகப் பிரித்து அச்சடித்தவர்கள் பாதிப் பாட்டைத்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள், கண்ணு.

புகைபோக்கி துடைக்கும் பையனின் பக்கத்தையும் பார். பனி கொட்டுகிறது, முதுகில் கரிமூட்டை. முதல் பாகத்தில் இன்னொரு பையன், 'துடைக்கணுமா' என்று கூவ நாக்கு திரும்பாத வயதில் விற்கப்பட்டவன். அவன் கூவுவது 'ஸ்வீப்'. வாயில் வருவது 'வீப்', அழு. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் விழுந்திருக்கிறது. அந்த ஒரு எழுத்து விழுந்ததற்காக இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மாவுக்குப் பிடித்தது பிளேக்கின் மனைவி கேத்தரின் கதை. 1782-இல் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறி போட்டவர். அப்புறம் கணவரிடமே எழுதப் படிக்கக் கற்று, அச்சடிக்கவும், அடித்த தாளுக்கு வண்ணம் தீட்டவும் கூட நின்றிருக்கிறார். அதனால்தான் ஒரு பிரதியின் வானம் இன்னொரு பிரதியில் இல்லை. உன் அம்மா அச்சான தாள்களை மடித்துத் தைத்த இரவுகள் உனக்குத் தெரியும். இதைச் சொன்னதும் எழுந்து வந்து அந்தப் பக்கத்தைத் தானே பார்த்தாள்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. இவை நிஜமாகவே பாட்டுகள். பிளேக் தானே மெட்டுப் போட்டுப் பாடுவாராம். சங்கீதம் தெரிந்தவர்கள் குறித்துக்கொண்டதாகவும் சொல்கிறார்கள். ஒரு மெட்டுகூட மிஞ்சவில்லை. 1957-இல் வான் வில்லியம்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளர் பிளேக்கின் பத்துப் பாட்டுக்கு ஒரு குரலும் ஒரு ஓபோவும் மட்டும் வைத்து இசையமைத்திருப்பதைப் போனில் தேடிக் கேட்டேன். நாகஸ்வரம் போலவே சீவாளி வைத்து ஊதுகிற கருவிதான், ஆனால் இங்கே ரொம்பத் தணிந்து அழுகிறது. ஆட்டுக்குட்டிப் பாட்டை நீயும் கேள். பிளேக் 1827 ஆகஸ்டில் இறந்த அன்றும் பாடிக்கொண்டேதான் இருந்தாராம்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் அசல் பிரதி இருக்கிறது. முன்கூட்டி எழுதிக் கேட்டால் ஓவியப் பிரிவின் படிப்பறையில் பார்க்கலாம் என்கிறார்கள். லீவு கிடைக்கிற நாளில் போய்ப் பார். புலிப் பக்கத்தில் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி நின்று, எழுத்து தாளில் கொஞ்சமாவது அழுந்தியிருக்கிறதா, மை ஓரத்தில் கட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுது. படம் எடுத்து அனுப்பினால் அது தெரியாது, நீதான் பார்க்க வேண்டும்.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா