சாயம் போடாத தட்டு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் மகள் உயிருள்ள கலத்துக்குச் சாயம் போட்டு எடுத்தது என்று நீ அனுப்பின வீடியோவை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கறுப்புத் திரையில் சிவப்பாய் ஒரு உருண்டை, கலத்தின் கரு. அது நூல் நூலாகத் திரண்டு, நடுவில் வரிசை கட்டி, இரண்டாக இழுபட்டுப் போகிறது. உயர்தரம் படிக்கும்போது வெங்காய வேர்நுனியை நசுக்கி, சாயம் போட்டு, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கலமாகத் தேடித் தேடிக் கீறினோமே, ஒரு கலம் இரண்டாகிற அதே இழையுருப்பிரிவுதான். அன்றைக்கு நாங்கள் பார்த்ததெல்லாம் செத்த கலங்கள், கதையை நாங்களே கோத்துக்கொண்டோம். உன் மகளுக்கு அது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

"துணிக்குச் சாயம் போடலாம், உயிருக்கு எப்படியடா?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. துணியில் மிஞ்சின சாயத்தைக் கழுவ வேண்டும். இதில் பெரும்பாலும் கழுவவே தேவையில்லை. ஹோக்ஸ்ட் 33342 என்று ஒரு பழைய சாயம் இருக்கிறது. அந்த எண், ஹோக்ஸ்ட் என்ற ஜெர்மன் கம்பனி தன் இரசாயனங்களுக்குப் போட்ட வரிசை எண். டிஎன்ஏ முறுக்கில் அகலமாய் ஒரு பள்ளம், ஒடுக்கமாய் ஒரு பள்ளம் உண்டு. ஒடுக்கமான பள்ளத்தில், டிஎன்ஏயின் நான்கு எழுத்துகளில் ஏயும் டீயும் நிறைந்த இடமாகப் பார்த்து இது போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் சும்மா மிதக்கும்போது ஒளி மிக மங்கல், ஒட்டின பிறகு ஏறத்தாழ முப்பது மடங்கு. அதனால் கரு மட்டும் பளிச்சென்று தெரியும். எல்லாச் சாயமும் உயிருள்ள கலத்துக்குள் போகாது. 1971இல் தூக்க நோய்க்கு மருந்து தேடின இடத்தில் பிறந்த டாபி என்ற சாயம், கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வு நல்லாய் இருந்தால் இலேசில் உள்ளே போகாது. புரொப்பிடியம் அயடைட் என்ற இன்னொரு சாயமோ சவ்வு கிழிந்தால்தான் போகும், அதனால் செத்ததை எண்ணத்தான் அது.

சரி, என் பகிடியைக் கேள். போன மாதம் எங்கள் ஆய்வுகூடத்தில் ஏசி பழுது. மறுகா என்ன, கலத்துக்கு 37 பாகை வேண்டும் என்று தட்டைச் சூடாக்கும் வேலை எனக்கு மிச்சம். விரலைக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, ஹோக்ஸ்ட் கொஞ்சம் கலந்து, யன்னலை மூடிவிட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தேன். செங்குழியங்களுக்குக் கரு இல்லை, அவை இருட்டோடு இருட்டு. அங்கொன்று இங்கொன்றாக வெண்குழியங்கள் மட்டும் நீலமாய் எரிந்தன. ஒன்றின் கரு மூன்று மணி கோத்த மாதிரி இருந்தது. அது அசைந்தது மச்சான்! முன்மணி நெருக்கிப்பட்டுக்கொண்டு முன்னே போக, பின்மணி இழுபட்டு வந்தது, சனத்துக்குள்ளால் ஆள் நுழைகிற மாதிரி. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசினேன், புறஊதா விளக்கை மறைக்க மறந்துபோனேன். திரும்பி வந்து பார்த்தால் நீலம் மங்கி, குழியம் உருண்டு, அசைவே இல்லை. அந்த அழைப்பு உன்னுடையதுதான். பழியை நான் தனியே சுமக்கப் போவதில்லை.

ஹோக்ஸ்டை ஒளிரவைக்க 350 நனோமீற்றர் அளவில் புறஊதா வேண்டும். அதுவே டிஎன்ஏயைக் கெடுக்கிற ஒளி, சாயமோ டிஎன்ஏயின் மேலேயே குந்தியிருக்கிறது. சின்ன வயதில் பெற்றோமாக்ஸ் லாம்போடு வாவிக்குள் இறங்கினால் நாங்கள் பார்க்க வந்த மீன் முதலே கிறுகி ஓடிவிடுமே, ஞாபகம் இருக்கா? அந்தச் சங்கடம்தான் இதுவும்.

மகள் பாவிப்பது இந்தக் கரைச்சலுக்காகவே செய்த சாயம். ஹோக்ஸ்டின் தலையில் சிலிக்கன் ரொடமீன் என்ற இன்னொரு சாயத்தைப் பூட்டியிருக்கிறார்கள். 650 நனோமீற்றர் சிவப்பு ஒளியே போதும், கலத்துக்கு அது பெரிய வெயில் இல்லை. 2015இல் சுவிசில் உன் லவுசானில் கை ஜோன்சன் (Kai Johnsson) என்ற விஞ்ஞானியின் குழு, வியன்னாக்காரரோடு சேர்ந்து அதை வெளியிட்டது. நீ மெட்ரோவில் போகிற ஊரில்தான், தெரியுமா?

ஆனால் "இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கலங்கள் பிரிகிறதே இல்லை" என்று அவள் சலித்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். அவள் கையில் பிழை இருக்க வேண்டும் என்று இல்லை. ஒளி சாதுவானது என்பதால் சாயமும் சாது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. 2018இல் வந்த ஒரு ஆய்வில் இதே சாயம் டிஎன்ஏ சேதத்துக்கான எச்சரிக்கையைக் கலத்தில் கிளப்பி, பிரிவைத் தாமதிக்க வைத்ததாகக் காட்டியிருக்கிறார்கள். அதனால் அவளிடம் சொல்லு: சாயத்தைக் குறை, படத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக எடு. சில கலங்கள் உள்ளே வந்த சாயத்தை வெளியே பம்ப் பண்ணிவிடும், அதற்கு வெரபமில் சேர்ப்பார்கள். ஓம், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அதே குளிசைதான். அதையும் சும்மா போடாமல் தேவையென்றால் மட்டும் போடட்டும். எல்லாத்துக்கும் முதல், கலங்களைச் சூடாக வைக்கிற அதே இன்கியூபேற்றர் பெட்டிக்குள் சாயமே போடாத தட்டு ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டு இரண்டிலும் கலங்களை எண்ணிப் பார்க்கட்டும், பிரிவைத் தடுப்பது சாயமா என்று அப்போது தெரியும்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு ஒரு கண்ணில் வெண்புரை எடுத்தாயிற்று, இப்போது என் நரையை எண்ணுகிறா. பாலத்தடியில் காற்று நல்லாய் அடிக்கிறது, பின்னேரம் தனியே போய் நிற்கிறேன்.

மகள் எண்ணின கணக்கு இரண்டையும் அனுப்பு. வெள்ளிக்கிழமை திரும்பவும் விரலைக் குத்தப் போகிறேன், அன்றைக்கு மட்டும் போன் எடுக்காதே.

உன்,
மச்சான்