செவ்வாய், வியாழன் பஸ் காசு

சேரம்பாடி
ஜூன் 22

அன்புள்ள மல்லிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நாலு நாளாக இங்கே கரண்ட் இல்லை. மழை விடாமல் அடிக்கிறது, ரோட்டில் மரம் விழுந்து பஸ்ஸும் ஒழுங்காக வரவில்லை. இன்றைக்குத்தான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கன்வாடி ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் செய்தி: பெரியவளுக்குக் கோயம்புத்தூரில் எம்.எஸ்.டபிள்யூ. சீட் கிடைத்துவிட்டது, அதுதான் சமூகப்பணி முதுகலைப் படிப்பு! இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் முழுக்க அடுப்படியில் நின்று ஒப்பித்துக்கொண்டே இருந்தாள். நாட்டிலேயே முதல் சமூகப்பணிக் கல்லூரி 1936இல் பம்பாயில் ஆரம்பித்ததாம். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் ஆரம்பித்தாராம். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். போய்விட்டு வந்து, "அதையெல்லாம் கேட்கவே இல்லைம்மா. உங்கள் தோட்டத்து லயன் வீடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் பிடித்து வருகிறார்கள் என்று கேட்டார்கள்" என்றாள். இருபது நிமிஷம் அதையே பேசியிருக்கிறாள்.

நீ கேட்டிருந்தாய், சேவை செய்யப் போகிறவள் எதற்குக் கடன் வாங்கிப் படிக்க வேண்டும், பேசாமல் பி.எட். படிக்கட்டுமே என்று. உன் அக்கறை எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு எம்.எஸ்.டபிள்யூ. மாணவி ஒரு மாதம் இந்தப் பக்கம் பயிற்சிக்கு வந்திருந்தாள். எங்கள் சென்டருக்குப் பக்கத்துப் பணியர் குடியிருப்பில் ஒரு அம்மாவின் பையனுக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை. பழங்குடி என்றால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரித்துத்தான் தருவார். அந்த வீட்டிலோ ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? மனுவை நானே எழுதி, "இந்தா, இங்கே ரேகை வை" என்றிருப்பேன். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் செய்துவந்தேன். அந்தப் பெண் அப்படிச் செய்யவில்லை. அந்த அம்மாவின் அண்ணன் படித்த பள்ளியைத் தேடிப் போய்ப் பதிவேட்டு நகல் வாங்க வைத்தாள். கூடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மூன்று தடவை கூடவே போனாள். ஒரு தடவை நானும் போயிருந்தேன். எங்களிடம் கேள்வி கேட்டபோதெல்லாம் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. "அக்காவிடம் கேளுங்க சார், அவங்க சொல்லுவாங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மா மனுவின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே, பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் மெதுவாகச் சொன்னாள். மூன்றாவது தடவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாளாம். இப்போது ரேஷன் கார்டு வேலைக்கு அவளே தனியாகப் போய்வருகிறாள். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு படிப்புதான் மல்லி. எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. என் மகளுக்குச் சொல்லித்தரட்டும்.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

கல்லூரிக் கட்டணம் வருஷத்துக்கு 45,000. ஹாஸ்டலும் சாப்பாடும் 70,000. இரண்டு வருஷத்துக்கு 2,30,000 ஆகிறது. இவ்வளவுதான் என்று அவர் நிம்மதியாக இருந்தார். அப்புறம் அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கே போன் போட்டுக் கேட்டேன். அவள்தான் விவரமாகச் சொன்னாள். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. இவளுடைய கல்லூரியில் செவ்வாயும் வியாழனும். ஆஸ்பத்திரி, குடிசைப் பகுதி, குழந்தைகள் இல்லம் என்று எங்கே போட்டாலும் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் நம்முடையது. அது போகக் கிராம முகாம், கல்விச் சுற்றுலா, ஒரு மாதம் வேறு ஊரில் தங்கிச் செய்யும் பயிற்சி. எல்லாம் சேர்த்து இன்னும் 60,000 ஆகும் என்றாள். அந்த இரண்டு நாள் வேலைக்குச் சம்பளமும் கிடையாது. மற்ற பிள்ளைகள் மாதிரி சாயந்திரம் ஏதாவது கடையில் வேலை பார்க்கலாம் என்றால், களப்பணி முடிந்து வந்து அறிக்கை எழுதவே ராத்திரியாகிவிடுமாம். கூடப் படித்த இரண்டு பேர் கல்லூரிக் கட்டணத்தை எப்படியோ கட்டிவிட்டு, இந்தச் சில்லறைச் செலவுக்கு முடியாமல் பாதியில் நின்றுபோனார்கள் என்று சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கட்டணத்தைப் பற்றிக் கவலையில்லை, செவ்வாய் வியாழன் பற்றித்தான் கவலை.

உதவித்தொகைக்கு எல்லா இடத்திலும் விசாரித்துவிட்டேன். எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தால் 3 லட்சத்தைத் தாண்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்ததால் டிகிரி முடிக்கும்வரை புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வந்தது. அது முதுகலைக்குக் கிடையாது. யு.ஜி.சி.யில் முதுகலை மாணவர்களுக்கு மாதம் 15,000 வீதம் வருஷத்துக்குப் பத்து மாதம் தருகிற உதவித்தொகை ஒன்று இருக்கிறது. நாடு முழுக்கப் பத்தாயிரம் பேருக்குத்தான். மார்க் நன்றாக இருப்பதால் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வந்தால் சந்தோஷம், ஆனால் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

மிச்சம் இருப்பது கல்விக் கடன்தான். முதலில் போன வங்கியில், "இது படித்தால் என்ன வேலை கிடைக்கும்? பட்டா இருக்கிறதா?" என்று கேட்டார்கள். லயன் வீட்டுக்கு எங்கே பட்டா? விண்ணப்பத்தைக் கையில்கூட வாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது பெரியவள் ஒரு வார்த்தை பேசவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு வயிறெரிந்தது. நாலு லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்கு அடமானமும் வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம், பெற்றோர் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்திலேயே வங்கிக்கு விண்ணப்பம் போடலாம். இ-சேவை மையத்துத் தம்பி போட்டுக்கொடுத்தான். இரண்டாவது வங்கியில் கூப்பிட்டுப் பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள், படிப்பைப் பற்றி மரியாதையாகக் கேட்டார்கள். கடன் பாஸாகிவிடும் என்று நம்புகிறேன்.

இதில் ஒரு விஷயம் உன் தங்கை மகளுக்கும் உதவும், சொல்லி வை. கல்லூரியில் கட்டண விவரச் சான்று வாங்கும்போது முகாம், கல்விச் சுற்றுலா, பயிற்சிச் செலவையும் அதிலேயே எழுதி வாங்க வேண்டும். கடன் திட்டத்தில் அதற்கெல்லாம் இடம் இருக்கிறது. ஆனால் தாளில் இல்லாததை வங்கி கொடுக்காது. நாங்கள் இரண்டாம் முறை போய்த்தான் எழுதி வாங்கினோம்.

எவ்வளவு வாங்குவது என்று வீட்டில் பெரிய பேச்சு. நாலு லட்சம் தருவார்கள் என்றால் வாங்கிவிடலாமே என்றார் அவர். நான் அந்தப் பெண்ணின் முதல் சம்பளத்தைக் கேட்டேன். 16,000. அதில் ரூம் வாடகை, சாப்பாடு போக எவ்வளவு கட்ட முடியும்? நாலாயிரத்துக்கு மேல் போனால் கழுத்தை நெரிக்கும். அதை வைத்துத்தான் கடனை முடிவு செய்தேன். சீட்டுப் பணம் 50,000 இருக்கிறது, மீதி 2,40,000 மட்டும் கடன். பத்து சதவிகித வட்டி என்று வைத்துக்கொள், ஏழு வருஷத்துக்கு மாதம் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

அதுவும் வட்டியைத் தேங்கவிடாமல் இருந்தால்தான். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று வருஷத்தில் அறுபதாயிரம் ஏறி, கடன் மூன்று லட்சமாக நிற்கும், தவணை ஐயாயிரத்தைத் தொடும். அப்பா 1974இல் கப்பலேறி இலங்கைத் தலைமன்னாரிலிருந்து வந்து, மண்டபம் முகாமில் இருந்து இங்கே வந்தவர். வங்கி வாசலே மிதிக்காதவர். தோட்டத் தமிழர்களை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தக் காகிதத்தை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார், கடன் காகிதம் என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததில்லை. அவர் கணக்கைக் கேட்டுவிட்டு, "வட்டி குட்டி போடும், இப்பவே கட்டு" என்றார். முதல் வருஷம் மாதம் ஆயிரம், அடுத்த வருஷத்திலிருந்து இரண்டாயிரம். என் சம்பளத்தில் அதை எடுத்து வைத்துவிடுவேன். படிக்கும்போதே வட்டி கட்டினால் சில வங்கிகளில் ஒரு சதவிகிதம் குறைக்கிறார்களாம். அதையும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இப்போது நீ தருவதாக எழுதியிருந்த ஐம்பதாயிரம். படித்ததும் அழுதுவிட்டேன். மொத்தமாக வேண்டாம் மல்லி. உனக்கும் மகன் படிப்பு இருக்கிறது. கட்டணத்தை வங்கி நேராகக் கல்லூரிக்கே அனுப்பிவிடும், அதைப் பற்றிப் பயமில்லை. கையில் காசு இல்லாமல் போவது செவ்வாய்க்கிழமை காலையில்தான். மாதம் பிறந்ததும் ஆயிரம் ரூபாய் அவள் கையில் கொடுக்க முடியுமா? பஸ்ஸுக்கும் மதியச் சோற்றுக்கும். நான் நோட்டில் எழுதி வைக்கிறேன், அவள் சம்பாதித்ததும் உன்னிடம்தான் முதலில் வருவாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை உன் வீட்டில் சாப்பிடட்டும். களப்பணியில் பார்ப்பதையெல்லாம் அவள் யாரிடமாவது சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் வேலை பார்த்த உன்னிடம் சொன்னால் உனக்குப் புரியும். எனக்கு போனில் சொன்னால் நான் பயந்துவிடுவேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. சின்னவன் பிளஸ் டூ. கூடலூர் ரோடு சரியாகிவிட்டால் ஜூலை 5, ஞாயிறு காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். ஊட்டி வழியாக மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று மணி வாக்கில் வந்துவிடுவாள். அண்ணனை அனுப்பு, அல்லது நீயே வா. இரண்டு கிலோ டீத்தூளும் உனக்குப் பிடித்த காந்தாரி மிளகாயும் கொடுத்து அனுப்புகிறேன். மிளகாயை வெயிலில் காய வைத்துக்கொள், இங்கே வெயிலே இல்லை.

உன்,
செல்வி